மின்சாரக் காரில் ஒரு தனிப் பயணம்



மின்சாரக் கார் ஒன்றைச் சாலையோரத்தில் நிறுத்தினால் போதும்; ஐந்து நிமிடத்திற்குள் யாரேனும் ஒருவர் அருகில் வந்துவிடுவார். "ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பார். இக்கேள்வியைக் கேட்காத ஊரை நான் கண்டதில்லை. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு ஒரே ஓர் எண்ணை விடையாகச் சொல்பவர், ஒன்று கார் விற்பவராக இருக்க வேண்டும். அன்றேல் அதை நெடுந்தூரம் ஓட்டிப் பாராதவராக இருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் தாம்பரத்திலிருந்து நாகர்கோயில் வரை, ஏறத்தாழ 675 கிலோமீட்டர் தூரம், துணைக்கு ஒருவரும் இன்றி மின்சாரக் காரில் சென்றேன். எனக்கு வயது அறுபத்தாறு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் கற்பித்தவன். கரும்பலகையில் எழுதிப் போட்ட சூத்திரங்களையே நம்பி ஒரு நெடுஞ்சாலையில் இறங்குவது எனக்குப் புது அனுபவம். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களோடு போட்டுப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் அளவை அறிந்துகொள்வோம். உங்கள் வீட்டு மின்கட்டணத்தில் 'யூனிட்' என்று ஒன்று வருகிறதல்லவா? ஆயிரம் வாட் திறனை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் அது ஒரு யூனிட். மின்சாரக் காரின் பாட்டரியையும் அதே யூனிட்டால்தான் அளக்கிறார்கள். என் காரின் பாட்டரி 40 யூனிட் கொள்ளும். 75 வாட் மின்விசிறி ஒன்றை இரவும் பகலும் நிறுத்தாமல் மூன்று வாரத்துக்கு மேல் சுழற்றும் அளவு அது. பெரிய அளவு என்று தோன்றும். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளிப்படும் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். அப்படியானால், முந்நூறு கிலோவை நெருங்கும் எடையுள்ள அந்தப் பாட்டரி முழுவதிலும் இருப்பது நான்கரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றல்தான்! அத்துணைச் சிறிய இருப்பை வைத்துக்கொண்டு 250, 280 கிலோமீட்டர் ஓட முடிகிறதே, அது எப்படி? பெட்ரோல் எஞ்சின் தான் பெறும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டாரோ பெறுவதில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கே கொடுத்துவிடுகிறது. இருப்பு சிறிது, சிக்கனம் பெரிது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய இருப்பு உடையவனுக்கு ஒவ்வொரு செலவும் கண்ணில் படும்.

இது நேற்று முளைத்த ஊர்தி என்று எண்ணிவிடாதீர்கள். நிலத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை முதன்முதல் கடந்த கார் ஒரு மின்சாரக் கார். 1899-இல் பாரிஸ் நகருக்கு அருகே கமில் ஜெனாட்சி என்ற பெல்ஜிய நாட்டவர் அதை ஓட்டினார். அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் மின்சாரக் கார்கள் செய்துவந்த ஆலிவர் ஃபிரிட்சில் என்பவர், 1908-இல் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரிலிருந்து நியூயார்க் வரை ஏறத்தாழ 1800 மைல் தம் காரை ஓட்டிக்கொண்டு போனார். கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆயிற்று. நல்ல சாலை அரிதாக இருந்த காலம் அது. காரில் இருந்ததோ கனத்த ஈய மின்கலங்கள். அதே 1908-இல்தான் ஹென்றி ஃபோர்டு தம் மலிவான பெட்ரோல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1912-இல் பெட்ரோல் காரைக் கைப்பிடி சுழற்றாமல் பொத்தானால் கிளப்பும் கருவியும் வந்தது. அதன்பின் மின்சாரக் கார் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அது மீண்டும் சாலைக்கு வரலித்தியம் அயனி மின்கலம் பிறக்க வேண்டியிருந்தது. அதற்காக 2019-இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான ஜான் குடினஃப் அப்போது 97 வயதினர். ஓய்வுபெற்றவன் ஆதலால் இச்செய்தி எனக்குத் தனி மகிழ்ச்சி தந்தது.

இனி, செலவு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று பார்ப்போம். முதற் காரணம் காற்று. ஓடும் ஊர்தியைக் காற்று எதிர்த்துத் தடுக்கும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்பவர் 100-க்கு உயர்த்தினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. என் காரில் 80-இல் சென்றால் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் கிடைக்கும். 100-இல் சென்றால் ஐந்தரைக்கு இறங்கிவிடும். இந்த ஒரு வித்தியாசத்தால் முழு பாட்டரியில் 60 கிலோமீட்டர் போய்விடுகிறது!

அடுத்தது ஏற்றம். 1600 கிலோ எடையுள்ள காரை 1800 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 8 யூனிட் வேண்டும். நிறையையும் உயரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுபவர் கொடுக்க வேண்டிய வரி இது. ஆனால் இறங்கும்போது அதில் ஒரு நல்ல பங்கு திரும்பி வருகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட தத்துவத்தின்படி, சுழற்றினால் மின்சாரம் தருவதும் மின்சாரம் கொடுத்தால் சுழல்வதும் ஒரே இயந்திரத்தால் ஆகக்கூடியவை. ஆகவே இறக்கத்தில் மோட்டாரே டைனமோவாகிப் பாட்டரியை நிரப்புகிறது. மலை மேல் தங்கிப் பாட்டரியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு இறங்குபவருக்கு மட்டும் இந்த ஊதியம் கிடைப்பதில்லை. நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது?

எனவே விளம்பரத்தில் காணும் தூரம் வேறு, சாலையில் கிடைக்கும் தூரம் வேறு. விளம்பரத்தில் காண்பது, உருளைகளின்மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு, வகுத்துவைத்த ஒரு வேக ஒழுங்கின்படி ஓட்டிப் பார்த்த எண். கார்களைத் தம்முள் ஒப்பிட அது உதவும், பயணத்துக்கு உதவாது. ஓட்டுநருக்கு முன்னுள்ள திரையில் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்' என்று காட்டுவதும், இதுவரை ஓடிய ஓட்டத்தைக் கொண்டு செய்யும் ஊகமே. முன்னால் காற்று அடிக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாகர்கோயிலில் என் தமக்கையார் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. திங்கட்கிழமை காலையில் அவருக்குக் கண்புரை அறுவை. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குள் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவருக்கு வேறு துணை இல்லை. பின்னரும் சில நாள் அவரை அங்கும் இங்கும் அழைத்துப் போக வேண்டியிருக்கும் என்பதால் காரிலேயே செல்ல முடிவு செய்தேன். "ரெயிலில் போகக் கூடாதா? வழியில் நின்றுவிட்டால் அத்தையின் கதி என்ன?" என்று என் மகன் கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. நான் ஒரு குறிப்பேட்டில் ஒவ்வோர் ஊருக்கும் இடைத் தூரம், தேவையான யூனிட், அங்குள்ள மின்னேற்று நிலையங்கள், அவை பழுதாகியிருந்தால் போக வேண்டிய மாற்று இடம் என்று நான்கு பத்தி வரைந்து அவனிடம் காட்டினேன். நான்காம் பத்தியைப் பார்த்த பிறகே அவன் வாய் மூடினான்.

சனிக்கிழமை நண்பகலில் முழு பாட்டரியோடு புறப்பட்டேன். உளுந்தூர்ப்பேட்டை 170 கிலோமீட்டர். சேர்ந்தபோது 15 யூனிட் மீதம். அங்கே உணவு விடுதி ஒன்றின் வளாகத்தில் மின்னேற்றினேன். வீட்டில் 15 ஆம்பியர் இணைப்பில் மணிக்கு 3 யூனிட்டுக்கு மேல் கிடைப்பதில்லை. நெடுஞ்சாலை நிலையங்களில் மணிக்கு 30, 60 யூனிட் என்ற விரைவில் ஏற்றலாம். ஆனால் கடைசி வரை அதே விரைவில் ஏறாது. பள்ளியில் ஒரு பெரிய மண்டபத்தில் மாணவர்களை அமர்த்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் வருவோர் ஓடிப்போய் அமர்வர். முக்கால் மண்டபம் நிறைந்தபின் வருவோர் காலி இடத்தைத் தேடித் தேடி நகர வேண்டும். வாயிலில் நெருக்கித் தள்ளினால் பெஞ்சு முறியும். பாட்டரிக்குள் புகும் லித்தியம் அயனிகளின் கதையும் இதுதான். ஆதலால் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது நிறைந்ததும் மின்னேற்றும் கருவி தானே மெதுவாகிவிடுகிறது. எஞ்சிய இருபதுக்காகக் காத்திருப்பதைவிடப் புறப்பட்டுவிட்டு அடுத்த ஊரில் ஏற்றிக்கொள்வது மேல்.

தனியே செல்பவருக்கு இந்த நிறுத்தங்கள் இடையூறு என்று பலர் நினைக்கிறார்கள். என் வயதில் அவை வரம். இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி முக்கால் மணி நடக்கவும் உட்காரவும் கார் நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. "கொஞ்சம் கண் அயருங்கள், நான் ஓட்டுகிறேன்" என்று சொல்ல அருகில் ஆள் இல்லாதவனுக்கு அந்தக் கட்டாயம் வேண்டும். கடினமாயிருப்பது வேறொன்று. ஓட்டும்போது நிலையத்தின் நிலைமையைக் கைப்பேசியில் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆகையால் எல்லாவற்றையும் நிற்கும் இடத்திலேயே முடிவு செய்துகொண்டு கிளம்ப வேண்டும்.

உளுந்தூர்ப்பேட்டையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் என் காரைச் சுற்றி வந்து பார்த்தார். வழக்கமான கேள்வியை அவர் கேட்கவில்லை.

"வழியில் கரண்ட் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள், ஐயா?"

"பெட்ரோல் என்றால் பாட்டிலில் வாங்கி வரலாம். இதற்கு அந்த வழியில்லை. வண்டியையே இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்," என்றேன்.

"எதுவரை போகிறீர்கள்?"

"நாகர்கோயில்."

"ஆரல்வாய்மொழியில் பார்த்துப் போங்கள். இந்த மாதத்தில் காலி லாரியையே காற்று பிடித்துத் தள்ளும். அந்த ஒரு துண்டுச் சாலையில் டீசல் தனியாகக் குடிக்கும்," என்றார்.

குறிப்பேட்டை எடுத்து நாகர்கோயில் வரிக்கு நேரே ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 5 என்று எழுதினேன். நூல் படித்தவன் கணக்கையும் சாலை படித்தவன் கணக்கையும் சேர்த்தே போட வேண்டும்.

திருச்சியில் ஒரு முறை ஏற்றிக்கொண்டு இரவு ஒன்பதரை மணிக்கு மதுரை சேர்ந்தேன். என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் வீட்டில் தங்கி, அவர் வீட்டு இணைப்பில் காரைப் பூட்டினேன். அன்றிரவு அத்தெருவில் மூன்றரை மணி நேரம் மின்தடை. காலை எட்டு மணிக்கு 40 இருக்க வேண்டிய இடத்தில் 33 தான் இருந்தது. குறிப்பேட்டின்படி அதுவே கோவில்பட்டிக்குப் போதும், நூறு கிலோமீட்டர்தானே.

கோவில்பட்டியில் நிலையத்தின் திரை கறுத்துக் கிடந்தது. அங்கு எழுதியிருந்த எண்ணுக்குப் பேசினால், "இரண்டு மணி நேரத்தில் ஆள் வருவார்" என்றார்கள். மணி ஒன்பதே முக்கால். பாட்டரியில் 19 யூனிட். நாகர்கோயிலுக்கு இன்னும் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். நேரே போக முயன்றால் ஆரல்வாய்மொழிக்கு அருகே எங்கேனும் நின்றுவிட நேரும். காத்திருந்தால், வருபவர் வந்து, பழுதும் சரியாகி, மின்னும் ஏறி முடிவதற்குள் மூன்று மணி தப்பிப் போகும். நான்காம் பத்தியில் 'திருநெல்வேலி, 57 கிலோமீட்டர், 8 யூனிட்' என்று இருந்தது. போனால் 11 மீதமிருக்கும். அவ்வூரில் ஒரு நிலையம் பழுதானாலும் இன்னொன்றுக்குச் செல்லலாம். ஒரு நிலையத்தை நம்பிப் புறப்படும்போது அதற்கடுத்த நிலையத்துக்கும் போகுமளவு கையில் இருக்க வேண்டும் என்பதே நான் வைத்துக்கொண்டிருந்த விதி. அந்த விதிதான் அன்று என்னை அங்கே உட்காரவிடாமல் எழுப்பியது.

திருநெல்வேலியில் நிலையம் வேலை செய்தது. ஆனால் எனக்கு முன் இருவர். ஒரு மணி இருபது நிமிடம் காத்திருந்தேன். என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதியர் வந்து நின்றனர். நாகர்கோயில் 82 கிலோமீட்டர். யூனிட்டுக்கு 5 வீதம் பதினாறரை. கையிருப்பாக இன்னும் ஆறு. ஆகக் கூடி 23 போதும். இருந்த 11-உடன் 12 ஏற்றிக்கொண்டு, இருபத்தைந்து நிமிடத்தில் கருவியைக் கழற்றி அவர்களிடம் விட்டேன். அவர் வியந்து, "நிரப்பவில்லையா, சார்?" என்றார். தனக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியாதவர்தாம் எல்லாரும் விளிம்புவரை நிரப்புகிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். குழந்தை அழுததால் விட்டுவிட்டேன்.

நாங்குநேரி, வள்ளியூர் தாண்டிக் காவல்கிணற்றில் கன்னியாகுமரிச் சாலையை விட்டு வலப்புறம் திரும்பியதும் காற்று எதிரே வந்து நின்றது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியும் இடத்தில் அமைந்த இடைவெளி ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டைக் கணவாய்களைப் போலவே இதன் வழியாகவும் நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. அதனால்தான் முப்பந்தலைச் சுற்றி, நாட்டின் மிகப் பெரிய தொகுதிகளுள் ஒன்றெனச் சொல்லும்படி அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. இருமருங்கும் அவை சுழன்று மின்சாரம் ஆக்குகின்றன. அதே காற்று நடுச்சாலையில் என் மின்சாரத்தைத் தின்கிறது. வேடிக்கையான காட்சி!

எதிர்க்காற்றின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று கொள்வோம். நான் 80-இல் சென்றால் காருக்குக் காற்று 110-இல் மோதும். அமைதியான நாளில் உள்ள தடையைப் போல் கிட்டத்தட்ட இருமடங்கு. நான் 60-க்குக் குறைத்தால் மோதும் வேகம் 90. தடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். 60-க்குக் குறைத்தேன். பின்னால் வந்தவர்கள் ஒலிப்பான் அடித்துக் கடந்து போனார்கள். போகட்டும். திரையில் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்' என்ற எண் நான் ஓடிய தூரத்தைவிட விரைவாக இறங்கிக்கொண்டே வந்தது. காரணம் தெரியாதவனுக்கு அங்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். காரணம் எனக்குத் தெரிந்திருந்தது; எவ்வளவு இறங்கும் என்பதும் குறிப்பேட்டில் இருந்தது. தோவாளையைக் கடந்ததும் காற்றும் தணிந்தது.

அந்தக் காற்றாலைகளைக் கண்டு, இனி இக்காருக்குப் புகையே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டா. காற்றும் வெயிலும் தரும் மின்சாரத்தோடு, தூத்துக்குடியின் நிலக்கரியும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் எரிந்து தரும் மின்சாரமும் ஒரே கம்பியில்தான் கலந்து வருகிறது. காருக்குப் பின்னால் புகை இல்லை என்பது மட்டுமே உறுதி.

இரண்டரை மணிக்கு நாகர்கோயிலில் தமக்கையார் வீட்டு வாயிலில் நின்றபோது 9 யூனிட்டுக்கு மேல் எஞ்சியிருந்தது. அவர் பையோடு திண்ணையில் தயாராக அமர்ந்திருந்தார். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மருத்துவமனையில் பெயர் எழுதினோம். மறுநாள் அறுவை நல்லபடி முடிந்தது.

அவர் வீட்டு மாடி அப்போது காலியாக இருந்தது. அதற்குத் தனி மின்மானி உண்டு. அந்த இணைப்பில் திங்கள் இரவு காரைப் பூட்டி, மானியின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கண் கட்டைப் பிரித்துவிட்டார்கள். மாலையில் வீடு திரும்பியதும் தமக்கையார் சுவரைப் பிடித்துக்கொண்டு மின்மானியின் முன் நின்று, கண்ணாடி இல்லாமல் ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். கழித்துப் பார்த்தோம். மானியில் 34 யூனிட் ஓடியிருந்தது. காரில் ஏறியிருந்ததோ 30.

"மீதி நான்கு எங்கே போயிற்று, தம்பி?" என்றார்.

மின்னேற்றும் பெட்டியும் பாட்டரியும் சூடானதில் போயிற்று என்று சொல்லி, அவர் விரலை அப்பெட்டியின்மேல் வைத்துக் காட்டினேன். அப்போதும் அது வெதுவெதுப்பாகவே இருந்தது.